கைவினை வாழ்த்து அட்டையும் நினைவேடும்

கைவினை வாழ்த்து அட்டை, ஸ்கிராப்புக் என்று பரவலாக வழங்கப்படும் நினைவேடு ஆகிய இரண்டும் தாள், பசை, கத்தரிக்கோல் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய காகிதக் கைவினைகள் ஆகும். அட்டை ஒருவருக்கு அனுப்புவதற்காகச் செய்யப்படுவது. நினைவேடு ஒளிப்படம், பயணச்சீட்டு, அழைப்பிதழ், நாளிதழ் நறுக்கு போன்றவற்றைக் குறிப்புகளுடன் ஒட்டி வைத்துக்கொள்வதற்கானது. அட்டையின் வேலை பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும். நினைவேடோ ஐம்பது ஆண்டுகள் கழித்தும் திறந்து பார்க்கப்பட வேண்டியது. ஆயினும் இரண்டுக்கும் ஒரே தாளையும் ஒரே பசையையும் பயன்படுத்துவதே வழக்கமாக உள்ளது. பல வீடுகளில் காக்க நினைத்த படங்கள் அவை ஒட்டப்பட்ட ஏட்டினாலேயே கெட்டுப்போவதற்கு இதுவே முதற்காரணம்.

வரலாறு

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. என்றி கோல் என்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஓவியர் ஜான் கால்காட் ஆர்ஸ்லி அதனை வரைந்தார். ஏறத்தாழ 1,000 படிகள் அச்சிடப்பட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்டன. ஒன்றின் விலை ஒரு சில்லிங். அன்றைய உழைப்பாளி ஒருவருக்கு இது எளிய விலையன்று. சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஊஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலாண்டு என்ற பெண் தோழியரை மேசையைச் சுற்றி அமர்த்தி, ஆளுக்கொரு வேலையாகப் பகிர்ந்து, சரிகைத் தாள் ஒட்டிய காதலர் நாள் அட்டைகளைச் செய்து விற்றார்.

நினைவேட்டின் கதையில் எழுத்தாளர் மார்க் டுவைனுக்கும் இடமுண்டு. பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசிய ஏடு ஒன்றுக்கு அவர் 1873இல் காப்புரிமை பெற்றார். பக்கத்தை ஈரப்படுத்தி நறுக்கை வைத்து அழுத்தினால் போதும். இன்றுள்ள நினைவேட்டுக் கலையின் எழுச்சி 1980இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டுடன் தொடர்புடையது. அங்கு யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரியலன் கிறிஸ்டென்சனின் குடும்ப ஏடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் ஒரு காலத்தில் தை பிறப்பதற்கு முன்பே கடைவாசல்களில் கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டன. கைப்பேசிச் செய்தி வந்தபின் அந்த வழக்கம் தேய்ந்தது. பள்ளி மாணவர்கள் கையால் செய்யும் அட்டை மட்டும் இன்றும் தொடர்கிறது.

தாளின் இழையோட்டம்

ஆலையில் தாள் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் பொறி ஓடும் திசையிலேயே படிகின்றன. இதனைத் தாளின் இழையோட்டம் எனலாம். இழையோட்டத்தின் வழியே மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மடிப்பின் விளிம்பு வெடித்துச் சொரசொரப்பாகும். கெட்டி அட்டையில் வண்ணப்பூச்சு உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிவதும் இதனால்தான். திசையை அறிவது எளிது. அட்டையை மடிக்காமல் இரு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எப்படி வளைக்கும்போது எதிர்ப்புக் குறைவாக உள்ளதோ, அந்த வளைவின் முதுகு நீளும் திசையே இழையோட்டம். சிறு துண்டொன்றின் ஒரு பக்கத்தை ஈரமாக்கினால் அது அதே திசையை அச்சாகக் கொண்டு குழல்போல் சுருளும்.

வாழ்த்து அட்டைக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள அட்டை ஏற்றது. கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் குறிக்கும். சாதாரண நகல் தாள் 70 முதல் 80 கிராம் வரை இருக்கும். ஏ4 அளவு அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். இவை சி6 எனப்படும் 114 × 162 மில்லிமீட்டர் உறைக்குள் சரியாக அமரும். மடிப்பதற்கு முன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். கோட்டின் மறுபக்கத்தில் எழும் புடைப்பு மடிப்பின் உட்புறம் வருமாறு மடிப்பதே முறை. பலர் இதற்கு நேர்மாறாகப் பள்ளம் உட்புறம் இருக்க மடித்துவிட்டு அட்டையின் தரத்தைக் குறை கூறுகின்றனர்.

திறந்தால் எழுந்து நிற்கும் உருவத்தைச் செய்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. மடித்த அட்டையின் முதுகிலிருந்து உள்நோக்கி இரண்டு இணை வெட்டுகள் இட்டு, இடையிலுள்ள பட்டையை உட்புறமாகத் தள்ளினால் அது பெட்டிபோல் நிற்கும். அட்டையை மூடும்போது அப்பட்டையின் நுனி வெட்டின் நீளத்தைப்போல் இரு மடங்கு தொலைவு வரும். ஆகவே 105 மில்லிமீட்டர் அகலமுள்ள அட்டையில் வெட்டு 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பட்டையின் மீது பொங்கல் பானையோ கரும்போ ஒட்டுவதாக இருந்தால் அதன் நீட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லையெனில் மூடிய அட்டையிலிருந்து கரும்பின் தோகை வெளியே எட்டிப் பார்க்கும்.

கோலத்தை நூலால் தைத்துச் செய்யும் அட்டையும் அழகானது. புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்கும் கோலமே இதற்கு உகந்தது. சிக்குக் கோலத்தின் வளைவுகள் நூலுக்கு எளிதில் வருவதில்லை. ஏழு புள்ளி ஏழு வரிசைக் கோலத்தை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் ஆறு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும். துளைகளை முதலில் ஊசியால் குத்திவிட்டுப் பின்பு தைக்க வேண்டும். துளைகள் நெருங்கிப்போனால் அட்டை அஞ்சல் தலையின் ஓரம்போல் கிழிந்துவிடும்.

பழைய திருமண அழைப்பிதழ்களும் நல்ல மூலப்பொருள். தெய்வப் படம் இருப்பதால் குப்பையில் போட மனமின்றிப் பல வீடுகளில் அவை பரணில் சேர்கின்றன. பளபளப்பான மேற்பரப்பில் பசை பிடிக்காது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தபின் ஒட்டலாம். மூலையில் தடவிய மஞ்சள் வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் அந்நிறத்தை நம்பி வடிவமைப்பது வீண்.

நினைவேட்டுப் பக்கம்

ஒரு பக்கத்துக்கு ஒரு நிகழ்வு என்பது நல்ல தொடக்கம். மூன்று படங்கள் இருந்தால் ஒன்றைப் பெரிதாகவும் மற்ற இரண்டைச் சிறிதாகவும் வைத்தால் கண் எங்கு தொடங்குவது என்று தடுமாறாது. இடத்தை அடைக்கக் கடையில் விற்கும் பூக்களையும் நட்சத்திரங்களையும் ஒட்டுவதைக் காட்டிலும், அன்றைய நாளின் பேருந்துச் சீட்டு, தேர்வு அறைச் சீட்டு, பாட்டி கைப்பட எழுதிய மளிகைப் பட்டியல் போன்றவற்றை வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. நடத்துநரின் கருவியிலிருந்து வரும் சீட்டும் கடை ரசீதும் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாளில் உள்ளன. சில ஆண்டுகளில் எழுத்து மறைந்து வெற்றுத் தாளே மிஞ்சும். நகலெடுத்து நகலை ஒட்டுவதே வழி.

எழுத்துக் குறிப்பே நினைவேட்டின் உயிர்; பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதுவே. ‘அத்தை வீட்டில்’ என்று எழுதினால் எழுதியவருக்குப் புரியும். அவருடைய மகளுக்கு அந்த அத்தை வேறு முறை. பேரனுக்கு யாரென்றே தெரியாது. ஆகவே முழுப்பெயர், ஊர், நாள் மூன்றும் வேண்டும். ஒளிப்படத்தின் பின்புறம் எழுத மென்மையான பென்சிலே நல்லது. பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்புறம் தழும்பாகத் தெரியும். வேறு படி இல்லாத படத்தை வடிவமாக வெட்டுவது கூடாது. பின்னணியில் ‘தேவையற்றது’ என்று வெட்டப்படும் ஓட்டு வீடும் மிதிவண்டியும்தான் பிற்காலத்தில் படத்தைவிட மதிப்புப் பெறுகின்றன.

பசையும் அமிலமும்

நாளிதழ்த் தாள் மரத்தை அரைத்துச் செய்யப்படுவதால் அதில் லிக்னின் என்னும் பொருள் தங்கியிருக்கும். ஒளியும் காற்றும் படும்போது அது பழுப்பாகிறது. உண்டாகும் அமிலம் பக்கத்தில் உள்ள படத்தையும் கறைப்படுத்துகிறது. பழைய நூல்களின் தாள் தொட்டால் நொறுங்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மை பரவாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையை ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக் 1807இல் வெளியிட்டார். அது மலிவானது, ஆனால் தாளுக்குள் அமிலத்தை விதைத்தது. இப்போது கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமற்ற தாள்கள் கிடைக்கின்றன. நீடித்து நிற்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 என்னும் உலகத்தரம் 1994இல் வெளியானது. தாள் கட்டில் ‘அமிலமற்றது’ என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குவது கூடுதல் செலவின்றிச் செய்யக்கூடியது.

1970களிலும் 1980களிலும் பரவிய, பசை வரிகளின் மேல் கண்ணாடித்தாள் மூடிய ஆல்பம் மிக வசதியானதாகக் கருதப்பட்டது. இன்று அந்த வரிகள் மஞ்சளாகிப் படங்களைப் பிடித்துக்கொண்டுள்ளன. அதற்கு முந்தைய கறுப்புப் பக்க ஆல்பத்தில், போட்டோ மூலைகளில் செருகி, இடையே மெல்லிய எண்ணெய்த்தாள் போன்ற தாளிட்ட படங்களை இன்றும் சேதமின்றி உருவ முடிகிறது. கறுப்புத் தாள் நொறுங்கினாலும் படம் தப்புகிறது. படத்தில் பசையே படாமல் மூலைகளில் செருகும் அந்தப் பழைய முறையைப் புதிய ஏட்டிலும் கையாளலாம். ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிய்க்காமல், டென்டல் ஃப்ளாஸ் எனப்படும் பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே செலுத்தி மெல்ல அறுப்பதுபோல் நகர்த்தலாம். அதற்கும் முன் படத்தை இருந்த இடத்திலேயே ஒளிப்படம் எடுத்துவிட வேண்டும். நூலுக்கும் அசையாவிட்டால் அப்படியே விடுவது நல்லது.

மைதா மாவுப் பசை தாளுக்கு இணக்கமானதே. ஆனால் நம் தட்பவெப்பத்தில் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. இதற்காகப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் சிறுவர்கள் கையாளக்கூடாது. அதிலுள்ள செம்பு தாளின் சிதைவையும் விரைவுபடுத்துகிறது. செலோடேப் இவை எல்லாவற்றையும்விடக் கெட்டது. நாடா உதிர்ந்த பிறகும் அதன் பழுப்புக் கறை போவதில்லை. பிளாஸ்டிக் உறைகளில் பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர் ஆகியவை பாதுகாப்பானவை. கடுமையான நெடி வீசும் பிவிசி உறை படத்துக்கு ஆகாது.

முடிந்த ஏட்டைச் சுவரை ஒட்டிய அலமாரியிலோ இறுகக் கட்டிய பாலித்தீன் பையிலோ வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை நிலையில், உலர்ந்த வசம்பை முடிச்சாகக் கட்டி அருகில் வைப்பது வழக்கத்தில் உள்ளது. மழைக்காலம் முடிந்ததும் ஏட்டை வெளியே எடுத்து, வெயில் நேராகப் படாத இடத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடலாம்.