மன்னிப்பும் அது கேட்கப்படும் சபையும்

மன்னிப்புக் கோரும் சொற்கள் ஒரு தகவலைத் தெரிவிப்பதோடு நின்றுவிடுவதில்லை. சொல்லப்படும் அக்கணத்திலேயே அவை ஒரு செயலை நிறைவேற்றுகின்றன. மொழியியலார் 'பேச்சுச் செயல்' எனக் குறிப்பிடும் இவ்வகைக் கூற்றுகளை ஆராய்ந்த ஆங்கில மெய்யியலாளர் ஜே.எல். ஆஸ்டின், இவற்றில் மெய், பொய் பார்ப்பதைவிட, உரியவர் உரிய சூழலில் சொன்னாரா, அதனால் அவை செல்லுமா என்று பார்ப்பதே பொருத்தம் எனக் காட்டினார். தென்காசி மாவட்டத்து ராயகிரி போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இது புதிய செய்தியாக இராது. ஊர்க்கூட்டத்தில் ஒருவரை ஏசியவர், பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் தனியே வருத்தம் தெரிவித்தால், சபையில் போன மரியாதை சபையில்தான் திரும்ப வேண்டும் என்று உறவினர் மறுத்துவிடக்கூடும்.

அரசுகளும் இவ்விதிக்குத் தப்புவதில்லை. 1914-இல் 376 இந்தியப் பயணிகளுடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்த கோமகட்டா மாரு கப்பலைக் கனடா இரண்டு மாதம் காக்க வைத்து, மிகச் சிலரை மட்டும் இறங்கவிட்டுத் திருப்பியனுப்பியது. அதற்காகப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2008 ஆகஸ்டில் சர்ரே நகரப் பூங்காவில் நடந்த விழாவொன்றில் மன்னிப்புக் கேட்டபோது, அங்கிருந்த சீக்கிய அமைப்பினர் அதை அங்கேயே நிராகரித்தனர். இரு மாதங்களுக்கு முன்புதான் பழங்குடி மக்களிடம் அதே பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார் என்பதை நினைத்தால், சீக்கிய அமைப்பினரது கோபம் நியாயமானதே. 2016 மே 18 அன்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கோரினார்.

கேட்ட மன்னிப்பு இடம் மாறியதால் செல்லாமற்போனது ஒரு வகை. கேட்கச் சொல்வதே பொருந்தாமற்போவது இன்னொரு வகை. அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக, 1987-இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் இதழிலேயே மன்னிப்பு வெளியிட வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் கோரியது. சட்டமன்றமும் அதன் உறுப்பினர்களும் தடையின்றி இயங்குவதற்காக அரசியலமைப்பு தரும் தனி உரிமைகளை மீறுவதே 'உரிமை மீறல்' எனப்படும். அக்குற்றத்தைச் சாட்டியதும், விசாரித்ததும், தண்டித்ததும் அதே மன்றம்தான். அங்கே பணிந்திருந்தால், ஆட்சியாளரைப் பார்த்துச் சிரிப்பதே குற்றம் என்று வாசகர் முன் ஒப்புக்கொண்டதாகியிருக்கும். நகைச்சுவை மட்டமானதா, உயர்ந்ததா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. ஆசிரியர் மறுத்தார், ஏப்ரல் 4 அன்று மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார், பத்திரிகையுலகிலும் பொதுமக்களிடமும் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே விடுதலையானார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல் அந்தக் கைது செல்லாது எனக் கூறி, ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது.

உரிமை மீறலைப் போலவே மன்னிப்புக் கோரப்படும் நீதிமன்ற அவமதிப்புக்கோ 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நல்லெண்ணத்துடன் கேட்கப்பட்ட மன்னிப்பை, நிபந்தனை கலந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்றுகூட அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமன்ற உரிமைகளோ, சட்டமியற்றி வரையறுக்கலாம் என அரசியலமைப்பின் 194-ஆவது பிரிவு இடமளித்திருந்தும், இன்றுவரை முழுமையாகத் தொகுக்கப்படவில்லை.