பழுது பொறுக்கும் கணிப்பொறிகள்

மனிதன் ஆக்கிய பொருள்களுள் என்றும் பழுதுபடாதது யாதொன்றும் இல்லை. எழுதுகோல் முறிந்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். வண்டி நின்றுவிட்டால் இறங்கி நடக்கலாம். ஆனால் வானில் விரையும் ஊர்தியைச் செலுத்தும் கணிப்பொறி சிறிது தவறினும், அதில் உள்ளோரின் உயிருக்கே கேடு நேரலாம். பழுதுபடும் இயல்புடைய உறுப்புகளைக் கொண்டே நம்பத்தக்க பொறியை அமைப்பது எங்ஙனம்?

இவ்வினாவை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதை. ஒரே கணக்கைப் பல உறுப்புகளிடம் தனித்தனியே ஒப்படைத்து, பெரும்பான்மையான விடையையே மெய்யெனக் கொள்ளலாம் என்பது 1956ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் சாரம். மூன்றனுள் ஒன்று தவறினும், ஏனைய இரண்டும் சேர்ந்து அத்தவற்றை விலக்கிவிடும்.

இம்முறை எளிதாகத் தோன்றினும், இதில் ஓர் இடர் மறைந்திருந்தது. விடைகளை ஒப்பிடும் பொறியே பழுதுபட்டால் என் செய்வது? ஆதலின், பொறிகள் தமக்குள் செய்தி பரிமாறித் தாமே ஒருமித்த முடிவுக்கு வருதல் வேண்டும். பழுதுற்ற பொறி வாளா இருந்துவிட்டால் அதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். அதுவோ சில வேளைகளில் ஒரு பொறிக்கு ஒன்றும், மற்றொரு பொறிக்கு வேறொன்றுமாக உரைத்துவிடும். பொறிக்கு வஞ்சக எண்ணம் இல்லை. ஆயினும் அதன் செயல் வஞ்சகன் செயலையே ஒக்கும்.

விமானங்களுக்கான கணிப்பொறி ஒன்றை அமைக்கும் ஆராய்ச்சி, 1970களில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெற்றது. அங்கே பணிபுரிந்த மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷாஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் என்னும் மூவர் இவ்விடரை ஆராய்ந்தனர். 1982ஆம் ஆண்டில் அதனைப் பைசாந்தியப் படைத்தலைவர்களின் கதையாக விளக்கினர்.

ஒரு நகரைப் படையொன்று முற்றுகையிட்டுள்ளது. தலைவன் ஒருவனும் துணைவர் இருவரும் வெவ்வேறு திசைகளில் தங்கியுள்ளனர். மூவருள் ஒருவன் துரோகி. தலைவனிடமிருந்து முதல் துணைவனுக்குத் 'தாக்குக' என்னும் ஆணை வருகிறது. இரண்டாம் துணைவனோ, 'தலைவர் எனக்குப் பின்வாங்குமாறு கூறினார்' என்று அவனுக்குச் செய்தி விடுக்கிறான். பொய் கூறியவன் தலைவனா, துணைவனா? முதல் துணைவனால் அதனை அறியவே இயலாது.

துணைவர் மூவராயின் இக்குழப்பம் நீங்கும். ஒவ்வொரு துணைவனும் தலைவனிடம் தான் பெற்ற ஆணையை மற்ற இருவருக்கும் தெரிவிப்பான். துரோகி துணைவருள் ஒருவனாயின், உண்மையான துணைவர் ஒவ்வொருவரிடமும் இரண்டு மெய்ச்செய்திகளும் ஒரு பொய்ச்செய்தியுமே இருக்கும், மெய்யே வெல்லும். தலைவனே துரோகியாயின், துணைவர் மூவரும் ஒரே மூன்று செய்திகளைப் பெற்றிருப்பர். ஆதலின் ஒரே முடிவுக்கே வருவர். இவ்வாறு, ஒரு துரோகியைத் தாங்க நால்வரும், இரு துரோகிகளைத் தாங்க எழுவரும் வேண்டும் என அவ்வறிஞர்கள் மெய்ப்பித்தனர்.

பொறிகளின் எண்ணிக்கையை மிகுத்தால் மட்டும் போதுமா? அமெரிக்க விண்வெளி ஓடமாகிய கொலம்பியாவில் ஐந்து கணிப்பொறிகள் இருந்தன. அவற்றுள் நான்கு ஒரே செயல்நிரலைக் கொண்டவை. நிரலிலேயே பிழை இருப்பின் நான்கும் ஒருங்கே தவறுமன்றோ? அதனால் ஐந்தாவதற்கு வேறொரு குழுவினர் தனி நிரல் எழுதினர். 1981 ஏப்ரல் 10ஆம் நாள், ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் என்னும் இருவரும் ஓடத்தில் அமர்ந்து புறப்பாட்டிற்குக் காத்திருந்தனர். அவ்வேளையில் ஐந்தாம் பொறியின் காலக்கணக்கு ஏனைய நான்கின் கணக்கோடு இசையவில்லை. பொறிகளுக்கிடையே இசைவு குறைந்தது. அதனால் புறப்பாடு நிறுத்தப்பட்டது. காரணம் ஆராய்ந்து அறியப்பட்ட பின்னர், ஏப்ரல் 12ஆம் நாள் ஓடம் விண்ணில் எழுந்தது. இருவரும் நலமே மீண்டனர்.

இன்று வங்கிக் கணக்குகளும் பிற செய்திகளும் பல இடங்களிலுள்ள கணிப்பொறிகளில் படியெடுத்துக் காக்கப்படுகின்றன. ஒன்று நின்றாலும் பணி தொடர்கிறது. தவறே நேராது என்று இறுமாந்திருப்பதனால் அன்று, தவறு நேரும் என்பதை முன்னரே உணர்ந்து அதற்கு ஏற்பாடு செய்வதனாலேயே இந்நம்பகம் வாய்த்தது.