பள்ளி மாற்றமும் பாதை மாற்றமும்



சென்ற கிருத்திகை அன்று பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோவிலில் பிரகாரம் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, பழைய ரயில்வே நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் குடும்பத்தோடு துபாயிலிருந்து ஹைதராபாத்துக்கே திரும்பி வரப்போகிறாராம். "சார், பேரன் அங்கே பிரிட்டிஷ் ஸ்கூல்ல படிக்கிறான். இங்கே எதுல சேர்க்கிறது? உங்க பேத்திக்காக நீங்க ஊரெல்லாம் அலைஞ்சீங்களே!" என்று கேட்டார். கோவில் வாசலில் நின்றபடி முக்கால் மணி நேரம் பேசினோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் கல்வியாளன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு 1981-இல் தென் மத்திய ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்தவன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தவறு செய்து அதன் பலனை அனுபவித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

என் மூத்த மகன் ஒன்பதாம் வகுப்பில் பாதி படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் குண்டக்கல்லிலிருந்து செகந்திராபாத்துக்கு மாற்றல் வந்தது. இங்கே ஒரு பள்ளியில் இடம் கேட்டேன். "எல்லா சிலபஸும் ஒன்றுதான் சார், பையன் பிடித்துக்கொள்வான்" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். பாடத்திட்டம் வேறு, இரண்டாம் மொழி வேறு. முதல் பரீட்சையில் கணக்கில் 31 மார்க். அதைவிட வருத்தம் என்னவென்றால், சாப்பாட்டு வேளையில் வாய் ஓயாமல் பேசுகிற பையன் பேசுவதையே நிறுத்திவிட்டான். அவன் பழைய நிலைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த மகன்தான் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி, மகளோடு ஹைதராபாத் வந்தான். பேத்தி அங்கே பிரிட்டிஷ் பள்ளியில் 'இயர் 7' முடித்திருந்தாள். வந்த அன்றே மகன் சொன்னான்: "அப்பா, எனக்கு ஆனது இவளுக்கு ஆகக்கூடாது."

கேஜ் மாறும் இடம்

அந்தக் காலத்தில் குண்டக்கல்லில் பிராட் கேஜும் மீட்டர் கேஜும் சந்தித்தன. ஒன்று 1676 மில்லிமீட்டர் அகலம், மற்றது 1000 மில்லிமீட்டர். இரண்டும் ரயில் பாதைதான், இரண்டும் ஊர் போய்ச் சேரும். ஆனால் ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. சரக்கை இறக்கி வேறு வேகனில் ஏற்றியாக வேண்டும். அப்படி ஏற்றும்போதுதான் மூட்டை கிழியும், சாமான் உடையும். பள்ளிப் பாடத்திட்டங்களும் இப்படித்தான். எந்தப் பாடத்திட்டம் உயர்ந்தது என்ற சண்டையில் அர்த்தமில்லை. குழந்தை எங்கே போக வேண்டும், எந்த ஸ்டேஷனில் வண்டி மாறினால் சேதம் குறைவு என்பதே கேள்வி.

நம் ஊரில் இவை வந்த விதம்

ஹைதராபாத்துக்கு ஆங்கிலப் பள்ளி புதிதல்ல. செயின்ட் ஜார்ஜஸ் கிராமர் ஸ்கூல் 1834-இல் ஏற்பட்டது. செகந்திராபாத்தில் 1862-இல் மஹபூப் கல்லூரியைத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார்; பெயரே நம்மவர் என்று சொல்கிறது. சிகாகோ செல்லுமுன் 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றியது அங்கேதான். பேகம்பேட்டையில் 1923-இல் ஜாகீர்தார் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி 1951-இல் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல் ஆயிற்று.

'இண்டர்நேஷனல்' பள்ளியின் கதை வேறு. 1972-இல் படான்செருவில் இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் குடும்பத்தோடு வந்தார்கள். சில வருஷம் இங்கே, பிறகு வேறு நாடு என்று போகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதுதான் இண்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் ஹைதராபாத். அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் தொடரக்கூடிய பாடத்திட்டம் தேவைப்பட்டது. பின்னாளில் மென்பொருள் கம்பெனிகள் வந்து, வெளிநாடு சென்றவர்கள் திரும்பத் தொடங்கியபோது, ஊரின் மேற்குப் பகுதியில் இத்தகைய பள்ளிகள் பெருகின. தேவை எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டால், அது நமக்கும் தேவையா என்று யோசிக்கலாம்.

கேம்பிரிட்ஜ் முறை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1858 முதல் பள்ளித் தேர்வுகள் நடத்திவருகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு 1988-இல் வந்தது. இதற்கு இரண்டு வருஷப் படிப்பு. நம் ஒன்பது, பத்தாம் வகுப்புக்குச் சமம். அதன்பின் இரண்டு வருஷம் ஏ-லெவல். அது நம் பதினொன்று, பன்னிரண்டு. பிரிட்டிஷ் கணக்கில் 'இயர்' எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் நம் வகுப்பு வரும். இயர் 8 என்றால் நமக்கு ஏழாம் வகுப்பு. இது தெரியாமல் குழந்தையை ஒரு வகுப்பு மேலே சேர்த்துவிட்டவர்கள் உண்டு.

பெற்றோர்கள் கவனிக்காமல் விடும் நுணுக்கம் ஒன்று உண்டு. கணிதம் முதலிய பாடங்களில் 'கோர்', 'எக்ஸ்டெண்டட்' என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன. கோர் எழுதும் மாணவன் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. உங்கள் பிள்ளையை எந்த நிலையில் எழுத வைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேர்வு மாதமும் முக்கியம். மே, ஜூனில் எழுதினால் முடிவு ஆகஸ்டில்தான் வரும். அதற்குள் இங்கே கல்லூரி அட்மிஷன் பெரும்பாலும் ஓடிப்போயிருக்கும். இந்த இடைஞ்சலுக்காகவே இந்தியப் பள்ளிகளுக்கென்று 2015 முதல் மார்ச் மாதத் தேர்வு நடக்கிறது. முடிவு மே மாதம் கிடைக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் எல்லாப் பள்ளியிலும் அது உண்டு என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டும்.

பெயர்ப்பலகையை நம்பாதீர்கள்

'பிரிட்டிஷ்', 'இண்டர்நேஷனல்', 'கேம்பிரிட்ஜ்' என்று பெயரில் இருப்பதால் மட்டும் ஒரு பள்ளி அப்படி ஆகிவிடாது. கேம்பிரிட்ஜின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சென்டர் நம்பர் உண்டு. அதைக் கேட்டு வாங்கிக் கேம்பிரிட்ஜிடமே சரிபார்க்கலாம். எந்த நிலை வரை அனுமதி என்பதையும் பாருங்கள். சில இடங்களில் ஐ.ஜி.சி.எஸ்.இ. வரைதான் இருக்கும், ஏ-லெவல் 'அடுத்த வருஷம் வருகிறது' என்பார்கள். எங்கள் ரயில்வேயில் புதுப்பாதை வரைபடத்தில் இருந்தால் அதில் வண்டி விடமாட்டோம். போட்டு முடித்து, பாதுகாப்பு கமிஷனர் பார்த்த பிறகுதான் விடுவோம்.

சிறிய பள்ளியின் நன்மையும் குறையும்

கல்வி உரிமைச் சட்டம் (2009) ஐந்தாம் வகுப்பு வரை 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர் என்கிறது. பல பெரிய பள்ளிகளில் ஒரே செக்ஷனில் 45 பேர் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். நாங்கள் பேத்தியைச் சேர்த்த சிறிய பள்ளியில் (மேலே பெயர் சொன்ன பள்ளிகளில் ஒன்றல்ல) வகுப்புக்கு 14 பேர். புது ஊர் வந்த அதிர்ச்சியில் அவள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாவது வாரமே வகுப்பாசிரியை போன் செய்து, "குழந்தை போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள், டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். வீட்டில் நாங்கள் நாலு பெரியவர்கள் இருந்தும் கவனிக்கவில்லை. கண்ணாடி போட்ட பிறகுதான் வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தாள்.

குறையையும் சொல்ல வேண்டும். அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வருஷ நடுவில் வேலையை விட்டுப் போனார். மாற்று ஆள் கிடைக்கும் வரை இரண்டு மாதம் கணக்கு ஆசிரியரே அறிவியலும் எடுத்தார். சிறிய பள்ளியில் ஒருவர் போனால் ஒரு பாடமே நின்றுவிடும். மேல் வகுப்பில் பாடத் தேர்வும் குறைவு. இரண்டு பேர்தான் கேட்கிறார்கள் என்றால் உயிரியலை நடத்தமாட்டார்கள். ஆகவே நான் ஒவ்வொரு பள்ளியிலும் கேட்ட கேள்விகள் இவை:

1. ஆசிரியர்கள் சராசரி எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள்?

2. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் ஏ-லெவலில் உண்மையாக நடக்கின்றனவா? இந்த வருஷம் எத்தனை பேர்?

3. சென்ற மூன்று வருஷ முடிவுகளை எல்லா மாணவர்களுக்கும் சேர்த்துக் காட்டுவீர்களா? (முதல் மூவரின் படம் போட்ட பானர் எனக்கு வேண்டாம்.)

4. ஃபீஸ் தவிர, பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டும் தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு என்ன ஆகும்?

5. நடுவில் விலகினால் டெபாசிட் எப்போது திரும்பும்? எழுத்தில் தருவீர்களா?

சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தனியாக நிற்கும் குழந்தையை யாராவது கூப்பிடுகிறார்களா, கழிப்பறை எப்படி இருக்கிறது என்று பார்த்தால் பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பன்னிரண்டுக்குப் பிறகு எங்கே?

இதை முதலில் யோசிக்க வேண்டும். நாம் கடைசியில் யோசிக்கிறோம். பிள்ளை மேல்படிப்புக்கு வெளிநாடு செல்வது உறுதி என்றால் ஏ-லெவல் நல்ல வழி. இந்தியாவிலும் அது செல்லும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதைச் சமமாக ஏற்கிறது. ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல், ஏ-லெவலில் மூன்று பாடங்கள் தேர்ச்சி என்பது பொதுவான கணக்கு. என்ஜினியரிங் என்றால் அந்த மூன்றும் இயற்பியல், வேதியியல், கணிதமாக இருக்க வேண்டும். மருத்துவம் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் வேண்டும். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதைப் பார்க்க வேண்டும். பிறகு திருத்த முடியாது. ஜே.இ.இ., நீட் தேர்வுகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியே இருப்பதால், சி.பி.எஸ்.இ. மாணவனுக்கு வழி நேராக இருக்கும். மற்றவர்கள் தனியாக உழைக்க வேண்டும்.

நம்மைப்போல் மாநிலம் விட்டு வந்தவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: தெலங்கானாவின் மருத்துவ இடங்களில் உள்ளூர் மாணவர் என்ற தகுதி பெற, தகுதித் தேர்வு வரை தொடர்ந்து நான்கு வருஷம் இங்கே படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வருஷம் வெளியூரில் சேர்த்தால் இந்தக் கணக்கு அறுந்துபோகும்.

எப்போது மாற்றலாம்?

எட்டாம் வகுப்பு முடியும்வரை மாறலாம். ஒன்பதின் தொடக்கம் கடைசி ஸ்டேஷன். ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடம் ஒன்பதில் தொடங்கிவிடுகிறது. சி.பி.எஸ்.இ.யும் ஒன்பதிலேயே மாணவரைப் பதிவு செய்கிறது. பத்திலோ பன்னிரண்டிலோ நேரடியாகச் சேர்வது எளிதல்ல. பத்து முடித்து மாறுவது இன்னொரு வாய்ப்பு. ஒன்பது பாதியில் மாற்றவே கூடாது. என் மகன் விஷயத்தில் நான் செய்தது அதைத்தான்.

தமிழ் என்ன ஆகும்?

தெலங்கானாவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்தப் பாடத்திட்டமானாலும் பள்ளியில் தெலுங்கு கற்பிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் குழந்தைக்கு இது புதுப் பாரம். எந்த நிலையிலிருந்து சொல்லித் தருவார்கள் என்று கேளுங்கள். நாம் வாழும் மண்ணின் மொழி, கற்பது நல்லதே. தமிழ் சி.பி.எஸ்.இ. பாடப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இங்கே ஆசிரியர் உள்ள பள்ளியைத் தேட வேண்டும். எந்தப் பள்ளியானாலும் தமிழ் வீட்டுப் பொறுப்புதான். தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிலுள்ள பிள்ளைகளுக்காகப் பாடங்களும் சான்றிதழ்த் தேர்வும் வைத்திருக்கிறது. என் பேத்தி அதில்தான் எழுத்துக்கூட்டப் பழகினாள்.

நாங்கள் செய்தது

மகனுக்குக் கேம்பிரிட்ஜ் முறையிலேயே தொடர ஆசை. மருமகள், "மாமா, இவ இங்கேதான் காலேஜ் படிக்கப்போறா, சி.பி.எஸ்.இ.யே போதும்" என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏழு, எட்டு இரண்டு வருஷம் சிறிய பள்ளியில் படித்து நிலைகொள்ளட்டும், எட்டு முடியும்போது அவளையும் கேட்டு முடிவு செய்யலாம் என்று வைத்துக்கொண்டோம். சென்ற ஜனவரியில் கேட்டோம். உயிரியல் படிக்க வேண்டும், இங்கேயே படிக்க வேண்டும் என்றாள். மாலையில் தினம் ஒரு மணி நேரம் என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை நானும் அவளும் ஆரம்பத்திலிருந்து போட்டோம். ஒன்பதில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்ந்தாள். அவளுடைய சிநேகிதி பெற்றோரோடு இங்கிலாந்து செல்லவிருப்பதால் பழைய பள்ளியிலேயே தொடர்கிறாள். அவர்களுக்கு அது சரி.

முதல் மாதத் தேர்வு முடிந்த அன்று இரவு, சாப்பிட உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே அவள் பேச ஆரம்பித்தாள். கணக்கில் 68, எந்தக் கணக்கில் எங்கே தப்பு வந்தது, டீச்சர் என்ன சொன்னார், பக்கத்துப் பெண் என்ன கேட்டாள் என்று சோறு ஆறும்வரை பேசினாள். மகன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பள்ளி தேடும் அன்பர்கள் யாராவது நேரில் பேச விரும்பினால், ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன். தெரிந்ததைச் சொல்கிறேன். குழந்தைகள் நன்றாகப் படித்து நன்றாக இருக்க முருகன் அருள் புரியட்டும்.