கணக்கை எடுப்பதா, விடுவதா?

மே மாதம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் அம்பத்தூர் தெருவில் குழாயடி, மளிகைக் கடை, கோயில் பிராகாரம் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "உங்க பொண்ணு எவ்வளவு மார்க்?" என்பது முதல் நாள் கேள்வி. மறுநாளிலிருந்து, "எந்த குரூப்?" 'ஃபர்ஸ்ட் குரூப்' என்று சொன்னால் கேட்டவர் முகம் மலரும். வேறு எதையாவது சொன்னால், "ஏன் அக்கா, கணக்கு வராதா?" என்று இரக்கப்படுவார்கள்.

இந்த இரக்கத்துக்குப் பயந்து என் மகன் விஷயத்தில் ஒரு தப்புச் செய்தவள் நான். அதற்கு முன்னால், என் விஷயத்திலேயே இன்னொரு தப்பு நடந்தது. மகள் விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தோம். பிளஸ் ஒன் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற சகோதரிகளுக்கு உதவும் என்று தோன்றியதால் மூன்றையும் சொல்கிறேன்.

முதலில் என் கதை. நான் பத்தாவது எழுதியது 1996-ல். பிறந்த ஊர் பூந்தமல்லிக்கு அப்பால். கணக்கில் 78 மார்க். ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளியில் கணக்கு குரூப் கிடையாது. அது வேண்டுமென்றால் பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆவடிக்கு இன்னொரு பஸ். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வயசுப் பொண்ணு ரெண்டு பஸ் மாறிப் போகணுமா? பக்கத்துல என்ன இருக்கோ அதைப் படி."

பக்கத்தில் காமர்ஸ் இருந்தது, படித்தேன். 1998-ல் பிளஸ் டூ முடித்தேன். அதோடு படிப்பும் முடிந்தது. அப்பாவைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்துப் பயம் அது. ஆனாலும் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் பேப்பர் இல்லாமல் மனசுக்குள் ஓடும்போது, 'ம்... படித்திருந்தால்' என்று ஒரு பெருமூச்சு வராமல் இருப்பதில்லை.

என் அம்மாவைக் கேட்டால் அவர் காலத்திலேயே இந்தப் பிரிவினை உண்டு என்பார். அவர் படித்தது பதினோராம் வகுப்போடு முடிகிற பழைய எஸ்.எஸ்.எல்.சி. அதில் ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்று இரண்டு இருந்தன. "காம்போசிட்னா கஷ்டம்னு சொல்லி எங்களை எல்லாம் ஜெனரல்ல உட்கார வெச்சுட்டாங்க. நமக்கு வருமா வராதான்னு யாரு கேட்டா?" என்பார். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது 1978-ல். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் பத்தாவது வரை ஒரே கணக்கைப் படிக்கிறார்கள். பிரிகிற இடம் இப்போது பிளஸ் ஒன் வாசல். அம்மா சொன்ன கேள்வி மட்டும் மாறவில்லை. யாரு கேட்டா?

நானும் கேட்கவில்லை என்பதுதான் வெட்கம். 2017-ல் என் மகன் பத்தாவது பாஸ் செய்தான். கணக்கில் 61. பள்ளியில் தயங்கினார்கள். நான் விடாமல் அலைந்து, சிபாரிசு பிடித்து, ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தேன். எனக்குக் கிடைக்காததை அவன் தலையில் கட்டினேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

பிளஸ் ஒன் கணக்கு பத்தாவதின் தொடர்ச்சி மாதிரி இருக்காது. பாட்டை ஒப்பிப்பதுபோல் பயிற்சிக் கணக்கை ஒப்பித்து மார்க் வாங்கிய பிள்ளை, சார்புகள், முக்கோணவியல் என்று ஆரம்பிக்கும்போதே தடுமாறுகிறது. பின்னால் நுண்கணிதம் வேறு வருகிறது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து பையனுக்கு வயிற்று வலி. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. கஷாயம் கொடுத்தேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். டாக்டரிடம் கூட்டிப் போனால் அவர் கேட்ட கேள்வி, "எந்தக் கிழமையில வலிக்குது?" யோசித்துப் பார்த்தால் திங்கட்கிழமைதோறும். திங்கட்கிழமை கணக்கு டெஸ்ட்! எனக்குச் சுரீரென்றது.

2018 மார்ச்சில் முதன்முதலாக பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வைத்தார்கள். அதில் கணக்கில் போய்விட்டான். மறுபடி எழுதி, தட்டுத் தடுமாறி 2019-ல் பிளஸ் டூவும் முடித்து, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் சேர்ந்தான். இன்று எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. மிஷினுக்குக் கோணமும் ஆரமும் கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். அதே சைன், காஸ்தான்! "எப்படிடா இப்ப வருது?" என்றேன். "போர்டுல பார்த்தா புரியலம்மா. இரும்புல பார்த்தா புரியுது. பத்தாவது முடிச்சதுமே அங்க போயிருந்தா ஒரு வருஷமாவது மிச்சமாயிருக்கும்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆகவே 2024-ல் மகள் பத்தாவது முடித்து, கணக்கில் 64 என்று வந்து நின்றபோது, இந்த முறை வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்தேன். அவள் அரசுப் பள்ளியில் படித்த பெண். "அம்மா, எனக்கு ஆடிட்டர் ஆகணும். காமர்ஸ் எடுக்கறேன்" என்றாள். தோழிகள் எல்லாரும் காமர்ஸோடு கம்ப்யூட்டர் பாடம் உள்ள பிரிவுக்குப் போகிறார்கள், அதில் கணக்கே கிடையாது, தானும் அதற்கே என்றாள்.

சரி என்று சொல்லுமுன் இரண்டு மூன்று ஆசிரியைகளிடம் விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கணக்கு, இயற்பியல், வேதியியல் இந்த மூன்றும் இருந்தால்தான் தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் பொதுப் பிரிவில் இடம். அந்த 200 மார்க் கட்-ஆஃபில் கணக்கு மட்டும் முழு 100. மற்ற இரண்டும் 50, 50 ஆகக் குறைத்துச் சேர்க்கப்படும். கணக்கில் 60, மற்றதில் 80, 80 என்றால் கட்-ஆஃப் 140தான். கணக்கு பலவீனமான பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப் இரட்டை அடி என்பது இதனால்தான். பி.ஆர்க். என்னும் கட்டடக் கலைப் படிப்புக்கும் கணக்கு கட்டாயம்.

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் நீட் எழுதலாம், நர்சிங் போன்ற படிப்புகளுக்கும் போகலாம். ஆனால் 'டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் இஞ்சினியரிங்' என்ற பேச்சுக்கு இடமில்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் இரண்டு கதவும் திறந்திருக்கும், ஆனால் சுமையும் இரண்டு பங்கு.

காமர்ஸில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவு ஒன்று உண்டு. பலர் இதை வெறும் வட்டிக் கணக்கு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அணிகள், நுண்கணிதம், நிதியியல் கணிதம், புள்ளியியல் எல்லாம் இருக்கின்றன. சி.ஏ. முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் கணிதம், தர்க்கம், புள்ளியியல் சேர்ந்த ஒரு 100 மார்க் பேப்பர் இருக்கிறது. எந்த குரூப் படித்தவரும் எழுதலாம்தான். ஆனால் இரண்டு வருஷம் கணக்கைத் தொடாத பெண் திடீரென்று அதைப் படிக்க வேண்டும்.

ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலைக் குடும்பங்கள் நிறைய. அவர்களில் பல பிள்ளைகள் படிப்பது சி.பி.எஸ்.இ. அங்கே 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு பேப்பர். பாடம் ஒன்றே, கேள்விதான் பேசிக்கில் எளிது. ஆனால் பேசிக் என்பது மேலே கணக்கு படிக்காதவர்களுக்கென்று வந்தது. அதை எழுதியவர் பதினோராவதில் கணக்கு எடுக்கும் விதி பல முறை தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தந்த ஆண்டு விதியைப் பள்ளியில் கேட்டுவிட்டே தேர்ந்தெடுங்கள். பதினோராவதில் அப்ளைடு மேத்ஸ் என்ற பாடமும் 2020-லிருந்து இருக்கிறது. காமர்ஸ் பிள்ளைகளுக்கு அது நல்லது, பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு அல்ல.

இவ்வளவையும் சொன்னபோது மகள் முகம் சுண்டிவிட்டது. "எனக்கு அந்தக் கணக்கு வருமான்னு எப்படிம்மா தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. கடைக்குப் போனால் புடவையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா?

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தையும் வணிகக் கணிதப் புத்தகத்தையும் இரவல் வாங்கினோம். பாடநூல்கள் இணையத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து நாள், காலையில் ஒரு மணி நேரம். எடுத்துக்காட்டைப் படித்து, புத்தகத்தை மூடி, தானே போட்டுப் பார்க்க வேண்டும். விடை சரியா தப்பா என்பதை விட, தப்பாக வந்ததும் அவள் மறுபடி போடுகிறாளா, புத்தகத்தைத் தள்ளி வைக்கிறாளா என்பதைத்தான் கவனித்தேன். பெரிய கணக்குப் புத்தகத்தை மூன்றாம் நாளே தள்ளி வைத்தாள். வணிகக் கணிதத்தில் அணிகள் பாடத்தை, நான் சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் போட்டுக்கொண்டிருந்தாள். "இது வருதும்மா. மெதுவா வருது, ஆனா வருது" என்றாள். எந்த மார்க் ஷீட்டும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

அடுத்த சிக்கல், அவள் படித்த பள்ளியில் வணிகக் கணிதம் இல்லை. தனியார் பள்ளி ஒன்றில் இருந்தது. அங்கே போனால் பணம் ஒரு பக்கம். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உள்ள சலுகைகள் கைவிட்டுப் போவது இன்னொரு பக்கம். மருத்துவத்தில் 2020-லும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தக் கணக்குத்தான். 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கென்றே வந்தது. 2024-ல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பள்ளி மாற்றுமுன் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

ஆவடிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அந்தப் பிரிவு இருந்தது. ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும். என் கணவர் இழுத்தார். "இவ்வளவு தூரம்... பொண்ணு தனியா..." அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 1996-ம் வருஷம் கண் முன்னால் வந்து நின்றது. "நான் கூடப் போறேங்க. ஒரு வாரம் போனா வழி பழகிடும்" என்றேன். மாணவர்களுக்கு பஸ் பாஸ் இலவசம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து எங்களைப் போன்ற பெண்களுக்கும் டிக்கெட் கிடையாது. ஒரு வாரம் போய் வந்தேன். இரண்டாம் வாரம் திங்கட்கிழமை, "நீங்க வேண்டாம்மா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவளே ஏறிப் போய்விட்டாள்.

குரூப் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் இதையெல்லாம் ஞாபகத்தில் வையுங்கள்:

பிள்ளைக்கு ஆசையான இரண்டு மூன்று படிப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பிளஸ் டூவில் என்ன பாடம் வேண்டும் என்று கல்லூரியிலேயே விசாரியுங்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர், பி.சி.ஏ. போன்றவற்றுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும்.

ஃபர்ஸ்ட் குரூப்புக்கு இத்தனை மார்க் என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு பள்ளியில் இல்லை என்றால் உங்கள் பிள்ளைக்குக் கணக்கே வராது என்று அர்த்தமில்லை.

கை வேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்குப் பத்தாவது முடித்தவுடன் பாலிடெக்னிக் உண்டு. நல்ல மார்க்கோடு டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. ஆவடியில் 1957-லிருந்து முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.

கணக்கிலிருந்து கணக்கில்லாத பிரிவுக்கு மாறுவது முதல் சில வாரங்களில் பெரும்பாலும் முடியும். கணக்கை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வருவதுதான் கடினம். சந்தேகமாக இருந்தால் பள்ளி திறக்குமுன்பே புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் உடம்பைக் கவனியுங்கள். திங்கட்கிழமை வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் மருந்தல்ல.

போன வாரம் எதிர் வீட்டம்மா, "ஏன் அக்கா, பொண்ணு ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கலியா?" என்று பழைய கதையைக் கிளறினார். நான் வாயைத் திறக்குமுன் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கிடைக்காம இல்ல ஆன்ட்டி, போட்டுப் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்!"