குவார்ட்டர்பேக் எப்ப திரும்புவார்னு தெரியலைன்னா டீம் என்ன பண்ணும்?

இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பத்திப் பேசலாம். ஹெல்மெட் போட்டுக்கிட்டு, முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையால எறிஞ்சு ஆடுவாங்களே, அதுதான். ரூல்ஸ் எல்லாம் தெரியலைன்னா பரவாயில்லை. குவார்ட்டர்பேக்னா யாருன்னு தெரிஞ்சா போதும். டீம் பந்தோட இருக்கும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு முயற்சியும் இவர் கையிலதான் ஆரம்பிக்கும். யாருக்கு எறியணும், எப்போ எறியணும்னு ரெண்டு மூணு செகண்ட்ல முடிவெடுக்கிறவர். கிரிக்கெட்ல ஓப்பனருக்கு அடிபட்டா பின்னாடி பேட்ஸ்மேன்கள் இருக்காங்க. இங்க இவர் போனா டீமோட ஆட்டமே மாறிடும். ஐடி பாஷையில சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்.

அவருக்கு அடிபட்டு, எப்போ திரும்புவார்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியலைன்னா எப்படி பிளான் பண்றது? இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் டீமோட கதையை எடுத்துப்போம்.

அவங்க குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக். 2017 ஜனவரியில, பந்து எறியிற வலது தோளில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சீசன் ஆரம்பிக்கிறது செப்டம்பர்ல. அது வந்தும் அவர் தயாரா இல்லை.

இங்கதான் ஒரு விதி குறுக்கே வருது. என்எஃப்எல்ல ஒரு டீம் 53 பேரைத்தான் வெச்சிருக்க முடியும். அப்போதைய விதிப்படி, காயத்தால ஆட முடியாதவங்க பட்டியல்ல லக்கைப் போட்டா, அவர் குறைஞ்சது ஆறு வாரம் ஆட முடியாது. ஆனா அந்த இடத்துல வேற ஒருத்தரை வெச்சுக்கலாம். கோல்ட்ஸ் அவரை 53 பேருக்குள்ளயே வெச்சுக்கிட்டாங்க. ஆறு வாரத்துக்கு முன்னாடியே வந்துடலாம்ங்கிற நம்பிக்கை. அதுக்குக் கொடுத்த விலை, ஆட முடியாத ஒருத்தருக்காக ஒரு இடம்.

அதே நாள், செப்டம்பர் 2, இன்னொரு வேலையும் பண்ணாங்க. ஃபிலிப் டார்செட்டைக் கொடுத்து, நியூ இங்கிலாந்து டீம்ல இருந்து ஜக்கோபி பிரிசெட்டை வாங்கினாங்க. முதல் ஆட்டத்துல இறங்கின மாற்று வீரர் ஸ்காட் டோல்சியன். ராம்ஸ்கிட்ட 46-9ன்னு தோல்வி. ரெண்டாவது ஆட்டத்துல இருந்து, வந்து சில வாரம்கூட ஆகாத பிரிசெட்தான் ஆரம்பிச்சார்.

லக் அக்டோபர்ல பயிற்சிக்கு வந்தார். தோள் மறுபடி வலிச்சது, நிறுத்தினாங்க. நவம்பர்ல சீசனே முடிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. டீம் 4 வெற்றி, 12 தோல்வி. பயிற்சியாளர் சக் பகானோவுக்கு வேலை போச்சு.

கவனிச்சுப் பாருங்க. லக்கை 53ல வெச்சது, ஒரு தேதியை நம்பி எடுத்த முடிவு. அந்தத் தேதி வரவே இல்லை. பிரிசெட்டை வாங்கினதுக்கு எந்தத் தேதியும் தேவைப்படலை. லக் சீக்கிரம் வந்தா நல்ல பேக்கப், வரலைன்னா ஆடுறதுக்கு ஆள். ரெண்டு பக்கமும் வேலை செய்யுது.

2018 மார்ச்சுல இதைவிடப் பெரிய கேள்வி வந்தது. மோசமா ஆடினதால, கல்லூரி வீரர்களை எடுக்கிற டிராஃப்ட்ல கோல்ட்ஸுக்கு 3வது வாய்ப்பு. அந்த வருஷம் நல்ல குவார்ட்டர்பேக்குகள் நிறைய. லக்கோட தோளோ இன்னும் சந்தேகம். புதுசா ஒருத்தரை எடுத்துடலாமா?

எடுக்கலை. 3வது இடத்தை ஜெட்ஸுக்குக் கொடுத்து, 6வது இடமும் மூணு ரெண்டாம் சுற்று வாய்ப்புகளும் வாங்கினாங்க. ஜெட்ஸ் அங்க சாம் டார்னால்ட்ங்கிற குவார்ட்டர்பேக்கை எடுத்தாங்க. கோல்ட்ஸ் 6வது இடத்துல எடுத்தது குவென்டன் நெல்சனை. எதிரணி ஓடிவந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்காம தடுக்கிற ஆள். பின்னாடி நின்னு எறியிறது லக்கா, பிரிசெட்டான்னு எதுவா இருந்தாலும் நெல்சன் தேவை.

லக் திரும்பினார். 2016ல அவரை 41 தடவை சாய்ச்சிருந்தாங்க. 2018ல 18 தடவைதான். 39 டச்டவுன் பாஸ். முதல் ஆறு ஆட்டத்துல அஞ்சு தோத்த டீம், 10-6ன்னு முடிச்சு பிளேஆஃப் போச்சு.

இதோட நிறுத்தினா சினிமா கிளைமாக்ஸ். ஆனா 2019 ஆகஸ்ட் 24, சீசனுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, 29 வயசுல லக் ஓய்வை அறிவிச்சார். இந்தத் தடவை கெண்டைக்காலும் கணுக்காலும். காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம்னு வருஷக்கணக்கா சுத்தினதுல ஆட்டத்தோட சந்தோஷமே போயிடுச்சுன்னார். செய்தி கசிஞ்சதும், சொந்த மைதானத்துலயே ரசிகர்கள் சிலர் அவரைக் கூச்சல் போட்டு அனுப்பினாங்க. மறுபடி பிரிசெட் இறங்கினார். அந்த சீசன் 7-9.

எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். "எப்ப வருவார்?"னு பிளான் முழுக்க ஒரு தேதியில தொங்கினா, அந்த பாரம் அடிபட்ட மனுஷன் மேலதான் ஏறும். பயிற்சியாளர் வேலை, ரசிகர் டிக்கெட், ஓனர் பொறுமை எல்லாம் அந்தத் தோள்ல. அவர் வந்தாலும் வராட்டியும் நிக்கிற மாதிரி டீமைக் கட்டினா, அவர் குணமாக அவர் உடம்பு கேட்கிற நேரம் கிடைக்கும். உங்க டீம்ல ஒருத்தர் மெடிக்கல் லீவ்ல இருக்கும்போதும் இதே கணக்குதான். "எப்ப ஜாயின் பண்றே?"னு மெசேஜ் தட்டுறதுக்கு முன்னாடி, அவர் இல்லாம எந்த வேலை நிக்குதுன்னு பாருங்க. முதல்ல அதுக்கு ஆள் போடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.