ஜன்னல் கண்ணாடியில் விரிசல் ஏன்?

கல்லெறிந்தவர் எவருமின்றி, கதவை அறைந்து சாத்தியவரும் இன்றி, வீட்டு ஜன்னல் கண்ணாடியில் திடீரென விரிசல் தோன்றினால், தெருவில் விளையாடும் சிறுவர்மீது சந்தேகம் கொள்ளுமுன், அவ்விரிசல் எங்கே ஆரம்பித்து எவ்விதம் செல்கிறது என்பதைச் சற்று உற்றுநோக்குதல் நலம்.

கல் பட்ட கண்ணாடியாயின், பட்ட இடத்தையே மையமாகக் கொண்டு நாற்புறமும் கீறல்கள் பிரிந்தோடும். சிறு கல் அதிவேகமாகத் துளைத்திருந்தாலோ, துளையானது கல் வந்த பக்கத்தில் சிறுத்தும் மறுபக்கத்தில் புனல்போல் அகன்றும் இருப்பதால், அடி எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்பதும் விளங்கிவிடும்.

ஆனால், சட்டத்துக்குள் மறைந்த விளிம்பிலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டு, பிறகு வளைந்து நெளிந்து செல்லும் ஒற்றை விரிசல் பெரும்பாலும் வெயிலின் வேலையே. சூரிய கிரணங்கள் பட்டு நடுப்பாகம் உஷ்ணமடைந்து விரிய முற்படுகையில், சட்டத்தின் நிழலிலுள்ள விளிம்பு குளிர்ந்தே நிற்பதால், அவ்விளிம்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. அழுத்தத்தைப் பெரிதும் தாங்கவல்ல கண்ணாடி இழுவிசைக்கு எளிதில் தோற்றுவிடுமாகையால், வெட்டும்போது விளிம்பில் நேர்ந்த அற்பமான சிதைவு ஒன்றே விரிசலுக்கு வித்தாகிறது. சாதாரணக் கண்ணாடியில் இந்த உஷ்ண வித்தியாசம் சுமார் 40 டிகிரி சென்டிகிரேடை நெருங்கினாலே அபாயம் உண்டு. இரும்புச் சட்டத்தில் துரு ஏறிப் பருத்து, கண்ணாடியை நெருக்குவதாலும் விளிம்பில் விரிசல் விழுவதுண்டு.

ஆகவே, புதுக் கண்ணாடி பொருத்துமுன் அதன் விளிம்புகளைத் தேய்த்துச் சீராக்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறிது இடைவெளி விடச் செய்யுங்கள். வெயில் படும் கண்ணாடியின் ஒரு பகுதியில் மட்டும் கறுப்புக் காகிதம் ஒட்டுவதைத் தவிருங்கள்.