'உங்க அப்பாவுக்கு அனுப்பிருவேன்!' - மிரட்டுகிறவன் நம்பியிருப்பது நம் கோபத்தைத்தான்

காலை ஏழரை மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். கோவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் போன் இல்லாத கை அபூர்வம். 'பஸ் ஏறிட்டியா கண்ணு?' என்று கேட்கத்தான் வாங்கிக் கொடுத்தோம். அதே போனில் 'சாப்ட்டியா?' என்று கேட்க இன்னும் யார் யாரோ இருக்கிறார்கள்.

பொள்ளாச்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். சமூக வலைதளத்தில் அறிமுகமாகியும், நண்பரின் நண்பர் என்று பழகியும் பெண்களை வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து, அந்த வீடியோவைக் காட்டியே மிரட்டிய கும்பல் அது. 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் கொடுத்த புகாரில்தான் எல்லாம் வெளியே வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

தீர்ப்பைக் கொண்டாடினோம், சரி. அந்தப் பெண் வீட்டில் வாய் திறந்ததால்தான் அந்தச் சங்கிலி அறுந்தது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. 'காசு குடுக்கலீன்னா உங்க அப்பாவுக்கு அனுப்பிருவேன்' என்பதுதான் இப்படிப்பட்டவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டால் அந்த மிரட்டலில் பாதி பலம் போய்விடும்.

'வெளியே சொன்னா பேர் கெட்டுப்போகுமே' என்ற பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். பொள்ளாச்சி வழக்கிலேயே புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் போலீஸ் தரப்பிலிருந்தே வெளியானது. அதற்காக 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். புகார் கொடுக்கப் போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பையனைப் பெற்றவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பெண் பெயரில் ஒரு போலிக் கணக்கு, நாலு நாள் அரட்டை, அப்புறம் ஒரு வீடியோ கால். பதிவு செய்துகொண்டு பணம் கேட்கிறார்கள். பையன்கள் இன்னும் குறைவாகத்தான் வாய் திறக்கிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இப்போது 'டீன் அக்கவுன்ட்' என்ற கட்டுப்பாடு தானாகவே வந்துவிடுகிறது. 16 வயதுக்குக் கீழே என்றால் அதைத் தளர்த்த பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால், பிறந்த தேதியை உண்மையாகக் கொடுத்திருந்தால்தான் இதெல்லாம். ஸ்கூலில் சேர்க்கவே தேதியை மாற்றிய வம்சம் நாம்!

தப்பு நடந்துவிட்டால்? பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பதற்றத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு 1930-க்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. 18 வயது நிரம்பாதவர் என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். அந்தரங்கப் படம் பரவும் என்று பயந்தால், 18 வயதுக்கு உட்பட்ட காலத்தில் எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் பதிவாகும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் பிள்ளை நம்மிடம் சொல்ல வேண்டுமே. 'என்ன நடந்திருந்தாலும் போனைப் பிடுங்க மாட்டேன்' என்று இன்றே சொல்லிவையுங்கள். சொன்னதற்குத் தண்டனை போன் பறிப்பு என்றால், அடுத்த முறை யார் சொல்வார்கள்? அப்படியும் நம்மிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சித்தியோ மாமனோ ஒருவரை அடையாளம் காட்டிவையுங்கள். அந்தச் சித்தியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளை பேசி முடிப்பதற்குள் அவர் குய்யோ முறையோ என்று கத்திவிடக் கூடாதல்லவா?